பள்ளம்னா மலை

காலை நல்லா நீட்டி உக்காருங்க தம்பி. அது பசை வாளிதான், காலி வாளி. பசையை மேல வால்பாறையில பஸ்ஸை விட்டு எறங்கித்தான் காய்ச்சணும். மைதா மாவு பையில இருக்கு, மயில்துத்தம் தனியா முடிஞ்சு வச்சிருக்கேன். மயில்துத்தம் போடலைன்னு வைங்க, மாடு வந்து போஸ்டரை நக்கித் தின்னுட்டுப் போயிரும். வால்பாறைப் பக்கம் காட்டு மாடு இருக்குங்கிறாங்களே, அது போஸ்டர் திங்குமா? தெரியாதா? எஸ்டேட் ஆபீஸ்ல வேலைங்கிறீங்க, இது தெரியலைங்கிறீங்க.

என்ன படம்னு கேட்டீங்கல்ல. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரர் இந்தப் போஸ்டர் கட்டைப் பாத்துட்டு, "என்னண்ணே, அந்தப் படத்துக்கு ரெண்டாம் பாகம் வருதா?"ன்னு கேக்குறாரு. நான் டீயை வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். படம் இல்ல தம்பி. என் மக. பேரு கனிஷ்கா, வீட்டுல கனி. இருங்க, ஒண்ணு விரிச்சுக் காட்டுறேன். அந்த ஓரத்தைப் பிடிங்க, காத்துல கிழிஞ்சிரும்.

பாத்தீங்களா. மேல "காணவில்லை"ன்னு சிவப்புல. கீழ என் நம்பர். நடுவுல அவ. சிரிக்கிறா பாருங்க, முன்பல்லு விழுந்த சிரிப்பு. ஸ்கூல் ஆண்டு விழாவுல எடுத்தது. எங்கிட்ட இருந்த நல்ல போட்டோ இது ஒண்ணுதான். காணாமப் போன புள்ளைக்கு இப்படிச் சிரிக்கிற போட்டோவைப் போட்டா சினிமான்னுதான் நினைப்பாங்கன்னு, போஸ்டர் அடிச்சுக் குடுத்த பிரஸ்காரர் பின்னாடி சொன்னாரு. முன்னாடி சொல்லத் தெரியலை அவருக்கு.

உங்களுக்குக் குழந்தை இருக்கா? கல்யாணமே ஆகலையா? நல்லது, நிம்மதியா இருங்க.

நான் போஸ்டர் ஒட்டுறவன் தம்பி. திண்டுக்கல்ல எந்தப் படம் வந்தாலும் மொதல்ல தொடுறது நான்தான். ஆனா படம் பாத்தது கம்மி. நாங்க போஸ்டரோட முதுகைத்தான் பாக்குறோம். திருப்பிப் போடு, பசையைத் தடவு, தூக்கி அப்பு, தேய்ச்சு விடு, அடுத்த சுவரு. முன்னாடி யாரு இருக்கா, சிரிக்கிறானா அழுகுறானான்னு யாரு நின்னு பாத்தா? விடியுறதுக்குள்ள ஊரை முடிக்கணும்ல.

ஆனா ஒண்ணு, எங்களுக்குள்ள ஒரு முறை இருக்கு. எவன் போஸ்டர் மேலயும் ஒட்டுவோம், மந்திரி போஸ்டர்னாலும் ஒட்டுவோம். கண்ணீர் அஞ்சலி மேலயும் காணவில்லை மேலயும் மட்டும் ஒட்ட மாட்டோம். அது தானா வெயில்ல உரிஞ்சு விழுகுற வரைக்கும் அந்த இடத்தை விட்டுருவோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கலை. ஒட்ட மனசு வராது, அவ்வளவுதான். அதனால கனி போஸ்டர் மதுரை, கரூர், தாராபுரம்னு நான் ஒட்டின இடத்துல எல்லாம் மாசக்கணக்கா அப்படியே இருந்துச்சு. சுத்தி எத்தனையோ படம் வந்துச்சு, போச்சு. அவ மட்டும் நடுவுல சிரிச்சுக்கிட்டு இருந்தா. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு போன் வரும். எங்கயோ ஒரு புள்ளையைப் பாத்தோம்பாங்க. ஓடுவேன். வேற புள்ளையா இருக்கும். இருந்தாலும் போன் வந்துச்சுல்ல.

அப்பத்தான் அந்தப் படம் வந்துச்சு. பேரைச் சொல்ல மாட்டேன், என் வாயால அதுக்கு விளம்பரம் எதுக்கு. காணாமப் போன குழந்தையைக் கனவுக்குள்ள போய்த் தேடுற கதை. நீங்க பாத்திருப்பீங்க. பாத்தீங்களா? ஆங், அதேதான். அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணான்னா, ரிலீசுக்கு முன்னாடி படத்துப் பேரே இல்லாம வெறும் "காணவில்லை"ன்னு ஒரு போஸ்டர் அடிச்சான். ஒரு பொம்பளப் புள்ளை போட்டோ, கீழ போன் நம்பர். போன் பண்ணா ஒரு குழந்தை குரல், "அம்மா, நான் இங்க இருக்கேன்"ன்னு சொல்லும். ஊரே போன் பண்ணிப் பண்ணிக் கேட்டுச்சு. ரிலீஸ் அன்னைக்கு அது மேல குறுக்க ஒரு ஸ்லிப் ஒட்டணும். "இன்று முதல்", தியேட்டர் பேரு, காட்சி நேரம்.

திண்டுக்கல்ல நான்தான் ஒட்டினேன். ஒட்டித்தானே ஆகணும், தொழில் அது. எது அவன் புள்ளை, எது என் புள்ளைன்னு எனக்குத் தெரியும், பாத்து ஒட்டினேன். மத்த ஊர்ல ஒட்டினவனுக்கு என்ன தெரியும்? காணவில்லைன்னு இருக்கா, குறுக்க ஒரு ஸ்லிப்பு. கனி நெத்தியில, கனி வாயில, எல்லாம் "இன்று முதல்". அவனுகளைத் திட்டவும் மனசு வரலை தம்பி. காணவில்லை மேல எதையும் ஒட்டாத பயலுக, படம்னு நினைச்சுத்தானே ஒட்டியிருக்கானுக.

அதுல இருந்து வந்துச்சு பாருங்க போனு. நாளெல்லாம் போனு. "தலைவரே, பாப்பா கிடைச்சுட்டாளா, கிளைமாக்ஸை மட்டும் சொல்லிறாதீங்க"ங்கிறான் ஒருத்தன். கூட நாலு பேரு சிரிக்கிறான். கரூர்ல இருந்து ஒரு அம்மா, "உங்க பொண்ணு அருமையா நடிச்சிருக்கு சார், நான் அழுதுட்டேன்"னு சொல்லுது. என் பொண்ணு நடிக்கலைம்மான்னேன். "ரொம்பத் தன்னடக்கம் சார் உங்களுக்கு"ங்குது. அந்தம்மா மேல எனக்கு வந்த கோவம் இருக்கே, போனைத் தூக்கிச் சுவத்துல அடிக்கப் போயிட்டேன். தவமணிதான் கையைப் பிடிச்சா. தவமணி என் சம்சாரம். "உடைச்சிராதீங்க, அவ நம்பர்"னா. போஸ்டர்ல இருக்கிற நம்பரை நாங்க அவ நம்பர்னுதான் சொல்லுவோம்.

நேரா தியேட்டருக்குப் போனேன், சண்டை போட. மேனேஜர் ராஜாமணி சாருக்கு என்னைப் பல வருசமாத் தெரியும். எல்லாத்தையும் கேட்டுட்டு, "நான் என்னய்யா பண்றது, கம்பெனிக்காரன் பண்ணது. உள்ள போய் உக்காரு, ஏசியில கொஞ்சம் இரு, மனசு ஆறட்டும்"னாரு. அந்த மனுசன் கோவம் தணியட்டும்னு சொன்னதுதான். எனக்கு அது சாமி சொன்ன மாதிரி ஆகிப் போச்சு. உள்ள போய்ப் படத்தைப் பாத்தேன்.

இடைவேளைக்கு அப்புறம் இழுவைதான், இல்லைங்கலை. அந்த இன்ஸ்பெக்டர் எதுக்கு ஒரு பாட்டுப் பாடுறாருன்னே தெரியலை. ஆனா அந்த டாக்டரம்மா பேசுன பேச்சு இருக்கே! பெத்தவ கனவுல புள்ளை கண்டிப்பா வரும். வந்து தான் இருக்கிற இடத்தைச் சொல்லும். ஆனா நேராச் சொல்லாது, தலைகீழாத்தான் சொல்லும். படத்துல அம்மாக்காரிக்குக் கனவெல்லாம் நெருப்பு. எல்லாரும் செங்கச் சூளை, தீப்பெட்டி ஆபீஸ்னு தேடுறான். டாக்டரம்மா மட்டும், நெருப்புன்னா குளிருன்னு கண்டுபிடிக்குது. கடைசியில புள்ளை எங்க இருந்துச்சு? ஐஸ் பேக்டரியில! உசுரோட! தியேட்டரே கை தட்டுச்சு. நான் தட்டலை. உக்காந்து அழுதேன். போலீஸ்கிட்டப் போனேன், குறி சொல்ற கோடாங்கிகிட்டப் போனேன், வேளாங்கண்ணி போனேன், நாகூர் போனேன். வீட்டுல பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு.

அன்னைக்கே போய்க் கேட்டேன். "தவமணி, கனி உன் கனவுல வர்றாளா?"

அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. கையை எடுக்காமச் சொன்னா. "தினமும் வர்றா."

பாத்தீங்களா! தினமும் வந்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை இவ. என்ன சொல்றா, எப்படி இருக்கான்னு பிடிச்சு உலுக்கிக் கேட்டேன். "தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. குளிருதும்மாங்கிறா. சுத்தியும் பாறை. மேல பாத்தா வானம் சின்னதாத் தெரியுதாம். பெரிய பள்ளம்ங்க"ன்னு சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்தா. நான் என்ன சொல்லப் போறேன்னு பாத்தா போல.

நான் விரல் விட்டு எண்ணுனேன் தம்பி. குளிரு. ஈரம். பாறை. பள்ளம்னு சொல்றா, கனவுல பள்ளம்னா என்ன? தலைகீழாப் போடுங்க. மலை! பள்ளம்னா மலை! அம்புட்டும் பொருந்துது. "ஏதோ மலையில வச்சிருக்காங்க தவமணி"ன்னு கத்துனேன். அவ களைஞ்ச தண்ணியைக் கீழ ஊத்திட்டு, "சரிங்க"ன்னா. சரிங்கன்னு மட்டும்தான் சொன்னா. சந்தோசத்துல வாயடைச்சுப் போயிட்டா.

அன்னையில இருந்து மலை மலையா ஏறிக்கிட்டு இருக்கேன். சிறுமலை, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை. ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி அவகிட்ட கனவு கேட்டுக்கிருவேன். வர வர ஒரே மாதிரிதான் சொல்றா. கொஞ்சம் மாத்தி எதாச்சும் சொல்லு, புதுசா ஒரு அடையாளம் சொல்லுன்னு சத்தம் போடுவேன். "அவ வேற எதுவும் சொல்லலைங்க, நான் என்ன பண்ணட்டும்"னு அழுவா. போன மாசம் ஒரு நாள், "இனிமே நான் தூங்க மாட்டேன், தூங்குனாத்தானே கேப்பீங்க"ன்னு சொல்லிட்டுச் சுவத்துல சாஞ்சே உக்காந்துட்டா. நான்தான் கெஞ்சி மாத்திரை குடுத்துப் படுக்க வச்சேன். அவ தூங்கலைன்னா கனி யாருகிட்ட வந்து சொல்லுவா? அந்த அறிவு வேணாமா பெத்தவளுக்கு?

என் கனவா? நான் தூங்குறதில்ல தம்பி. அவ காணாமப் போனதுக்கு அப்புறம் சரியாத் தூங்குனதில்ல.

எப்படிக் காணாமப் போனாளா? பகல்லதான். நான் ராத்திரித் தொழில் பாக்குறவன், பகல்லதானே தூங்கணும். தவமணி மில்லுக்குப் போயிருந்தா. புள்ளை வாசல்ல விளையாடிக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சுப் பாத்தேன், இல்ல. அவளுக்குன்னு திருவிழாக் கடையில சின்னதா ஒரு வாளி வாங்கிக் குடுத்திருந்தேன், அதையும் காணோம். என்னை மாதிரியே வாளியும் பிரஷ்ஷுமா அலைவா. எங்க தெருவுக்குப் பின்னாடி பழைய கல்குவாரி, வெடி வச்சு வெடி வச்சுப் பெரும் பள்ளம், நிறையத் தண்ணி கிடக்கும். பசை வாளியை அங்கதான் கொண்டுபோய்க் கழுவுவேன். கூடவே வந்து அவளும் தன் வாளியைக் கழுவுவா, "எனக்கும் பசை ஒட்டிருச்சுப்பா"ம்பா. இப்ப நீங்களே சொல்லுங்க. கடத்துறவன் புள்ளையைத் தூக்குவான், வாளியை எதுக்குத் தூக்குறான்? அதான் தெரிஞ்சவன் வேலைன்னு நான் சொல்றேன். வாளி இல்லாம அவ அழுவான்னு தெரிஞ்ச எவனோதான் தூக்கியிருக்கான். இதைச் சொன்னா போலீஸ்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என்ன போலீஸோ.

என்ன தம்பி, நீங்களும் தவமணி மாதிரியே பாக்குறீங்க.

குவாரியில தேடாம இருப்போமா? பயர் சர்வீஸ்காரங்க வந்து முங்கிப் பாத்தாங்க. அடியில பாறை இடுக்கு, உள்ள போக முடியலைன்னாங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லிட்டு ஏறிட்டாங்க. அவங்களே சொன்னதுக்கு அப்புறம் திரும்ப அதையே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? என் மச்சினன் ஈஸ்வரன் இருக்கானே, லாரி ஓட்டுறவன், அவன்தான் அக்கா மனசைக் கெடுக்குறான். இப்ப அந்தக் குவாரியைப் புதுசா ஒருத்தன் ஏலம் எடுத்திருக்கான். கல்லு வெட்டணும்னா தண்ணியை இறைக்கணும்ல, பெரிய பெரிய மோட்டாரைப் போட்டு ராவும் பகலும் இறைக்கிறான். தவமணி மில்லுக்குப் போறதை விட்டுட்டா. விடிஞ்சா குவாரி மேட்டுல போய் உக்காந்துக்கிறா. சோறு தண்ணி கிடையாது. தண்ணி இறங்கறதையே பாத்துக்கிட்டு இருக்கா. நேத்து ஈஸ்வரன் வந்து, "மச்சான், நாளைக்குத் தரை தெரிஞ்சிரும்ங்கிறாங்க, நீங்க அக்கா கூட இருங்க"ன்னு என் கையைப் பிடிச்சான். கையை உதறிட்டேன். தண்ணி வத்துறதை வேடிக்கை பாக்குறதா ஒரு தகப்பன் வேலை? எனக்கு வால்பாறை பாக்கி இருக்கு. காலையில கிளம்புறப்ப தவமணிகிட்ட, கனவு எதாச்சும் வந்துச்சான்னு கேட்டேன். "இன்னைக்கு வரலைங்க"ன்னா. மொத மொதலா வரலைன்னு சொன்னா. "இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்களேன்"னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

எனக்கு அவ மேல பாசம் இல்லாம இல்ல தம்பி. ரெண்டு பேருமே அந்த மேட்டுல போய் உக்காந்துட்டா, அப்புறம் புள்ளையைத் தேடுறதுக்கு யாரு இருக்கா? ஒருத்தராவது நம்பணும்ல.

இது எத்தனாவது கொண்டை ஊசி? கீழ டேம் தெரியுது பாருங்க. எம்புட்டு உயரம் வந்துட்டோம். குளிரு ஏறுதுல்ல? பாறை பாருங்க, ரெண்டு பக்கமும் பாறை. ஈரமா வழியுது. அப்படியே அவ சொன்ன மாதிரியே இருக்கு.

இருங்க, போனு. இவ எதுக்கு இந்நேரத்துல? இவ எனக்குப் போனே பண்ண மாட்டாளே.

சொல்லு தவமணி. ஆமா, பஸ்ஸுலதான். கேக்கலை, சத்தமாச் சொல்லு. பின்னாடி யாரு அழுகுறது? ஈஸ்வரனா? என்ன? என்ன சொல்ற? தவமணி... தவமணி... அலோ...

கட்டாயிருச்சு. வளைவுல சிக்னல் நிக்காது.

ஒண்ணுமில்ல தம்பி. கனி கிடைச்சுட்டாங்கிறா. "கிடைச்சுட்டாங்க, வந்துருங்க, கனி கிடைச்சுட்டா"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா. பாவம், பட்டினியா வெயில்ல உக்காந்திருக்காள்ல, அப்படியே கண்ணு சொக்கிருக்கும். கனவு கண்டிருக்கா. காலையில வராத கனவு இப்ப வந்திருக்கு. அந்தப் பயலும் அவ கூடச் சேந்துக்கிட்டு ஆம்பளைங்கிற இது இல்லாம அழுகுறான்.

அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? எதுக்குக் கண்டக்டரைக் கூப்புடுறீங்க? என் கையை விடுங்க தம்பி. எறங்குறதா? எதுக்கு எறங்கணும்? படம் பாத்தேன்னு சொன்னீங்கல்ல, டாக்டரம்மா என்ன சொல்லுச்சு? கனவுல வர்றதைத் தலைகீழாத்தானே எடுத்துக்கணும்? கனவுல கிடைச்சுட்டான்னா நிஜத்துல இன்னும் கிடைக்கலைன்னு அர்த்தம். புரியுதா? கிடைக்கலை தம்பி, இன்னும் கிடைக்கலை. அண்ணே, விசில் அடிக்காதீங்கண்ணே, வண்டியை நிப்பாட்டாதீங்க. எனக்கு மேல வேலை இருக்கு.